ரிலேயின் அழகு

பழைய ஜீப்பின் ஹெட்லைட் மங்கினால் பழி பல்பின் மேல் விழுகிறது. குற்றவாளி பெரும்பாலும் வயர்தான். 60 வாட் ஹாலஜன் பல்புகள் இரண்டு எரிய, 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் மின்சாரம் வேண்டும். பழைய ஜீப்புகள் பலவற்றில் அது முழுவதும் டேஷ்போர்டு சுவிட்சையும் டிம்மரையும் சுற்றிக்கொண்டுதான் முன்னே போகிறது. மெல்லிய வயர், துருவேறிய எர்த் என வழியெல்லாம் வோல்ட் கசிகிறது. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். இங்கேதான் ரிலேயின் அழகு தெரிகிறது. சுவிட்ச் சிறு மின்சாரத்தால் ரிலேவுக்கு உத்தரவு மட்டும் இடுகிறது. ரிலே இணைப்புக் கொடுக்க, பாரத்தைப் பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த வயர் சுமக்கிறது. லோ பீமுக்கு ஒரு ரிலே, ஹை பீமுக்கு ஒன்று, பேட்டரி அருகே ஃப்யூஸ்: வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை.

100 வாட் பல்பு போட்டால் போதாதா? அது பழைய வயரையும் சுவிட்சையும் இன்னும் சூடாக்கும். எல்இடி பல்பு? ஹாலஜன் இழைக்காக வளைத்த ரிஃப்ளெக்டரில் அதன் ஒளி சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யலாம். முழு விளக்கையே எல்இடியாக மாற்றுவது நல்ல வழிதான். ஆனால் அதற்கும் நல்ல எர்த் வேண்டும், சுவரில் ஒளி அடித்துக் கோணம் சரிபார்க்கவும் வேண்டும். எதை மாற்றினாலும் முதல் செலவு வயருக்கே.