‘உடனடி’ என்னும் சொல்: ஒரு நூலும் ஓர் ஊரும்

வலங்கைமானுக்கு நெல் வயலும் உண்டு. வெடித் தொழிலும் உண்டு. இவ்வூரில் வெடிமருந்தோடு வாழ்வோர்க்கு ஆபத்தைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தீப்பொறி எங்கே விழலாகாது, மருந்தை எந்த வெயிலில் உலர்த்தலாகாது என்பதைச் சிறுவரும் அறிவர். அவர்கள் அறிந்த ஆபத்துக்கு ஓசை உண்டு, ஒளி உண்டு, புகை உண்டு. அது வந்தால் ஊருக்கே தெரியும். வந்தது எங்கிருந்து என்பதும் தெரியும்.

ஓசையும் மணமும் இல்லாத ஆபத்தொன்று உண்டு. அது இன்று விதைக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்குப் பின் விளையக்கூடியது. விளைந்த பின்னும் இன்ன வயலில் விளைந்தது என எவராலும் எளிதில் சுட்ட முடியாதது. கதிரியக்கம் என்று அதற்குப் பெயர். அதைப் பற்றிய ஒரு நூலை இம்மாதம் வாசக அன்பர்களோடு சேர்ந்து படிக்க விழைகிறோம். குருமட நாள்களில் நூலகத்தில் ஒருமுறை புரட்டிப் பார்த்து, கணக்கும் அறிவியலும் நமக்கு எதற்கு என்று மூடி வைத்த நூல் அது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதை மீண்டும் எடுக்கச் செய்தவர் நம் பங்கின் மூதாட்டி ஒருவர். அவரைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

நூலின் பெயரைத் தமிழில் ‘உடனடி ஆபத்து இல்லை’ எனலாம். 1985ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர் அருட்சகோதரி ரோசலி பெர்டெல். 1929இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்து, திருஇருதயத்தின் சாம்பல்நிற அங்கிச் சகோதரியர் சபையில் துறவற வாழ்வு வாழ்ந்து, 2012இல் இறைவனடி சேர்ந்தவர். கணிதம் கற்று, உயிரியல் அளவையியலில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் மூன்று மாநிலங்களில் நடந்த இரத்தப் புற்றுநோய் ஆய்வில் எக்ஸ்-கதிர்களின் விளைவைக் கணக்கிட்டவர். 1986இல் ‘மாற்று நோபெல்’ எனப்படும் பரிசை மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட்டுடன் பகிர்ந்துகொண்டார். போபால் துயரத்தை ஆராய 1994இல் நம் நாட்டுக்கு வந்த பன்னாட்டு மருத்துவ ஆணையத்தை வழிநடத்தியவர்களுள் ஒருவர். செபமாலையும் புள்ளிவிவரமும் ஒரே கையில் இருக்க இயலும் என்பதற்கு அவருடைய வாழ்வு சான்று.

நூலின் தலைப்பே அதன் முதல் வாதம். கதிரியக்கம் கசிந்த ஒவ்வொரு தடவையும் பொறுப்பில் இருப்போர் கூறும் வாக்கியம் அது. அந்த வாக்கியத்தைப் பொய்யென்று ஒதுக்கிவிட முடியாது. பெரும்பாலும் அது உண்மையே. நேற்றுக் கசிந்தது, இன்று எவரும் இறக்கவில்லை. ஆனால் கதிரியக்கத்தால் வரும் புற்றுநோய் ஆண்டுகள் கழித்தே தலைகாட்டுவது. எனவே ‘உடனடி’ என்னும் ஒரு சொல் முன்னே நிற்க, ‘ஆபத்து இல்லை’ என்பது மட்டும் கேட்பவர் காதில் தங்கிவிடுகிறது. உண்மையான சொற்களைக் கொண்டே உண்மையல்லாத அமைதியைக் கட்டிவிடலாம். நூல் வெளிவந்து இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணுஉலை விபத்தின்போது, ஜப்பானிய அரசின் சார்பில் பேசியவரும் உடல்நலத்துக்கு உடனடிப் பாதிப்பில்லை என்னும் பொருள்படவே மீண்டும் மீண்டும் பேசினார். ஒரு நூலின் தலைப்பு இவ்வளவு காலம் உயிரோடு இருப்பது நூலுக்குப் பெருமை, உலகுக்குப் பெருமையன்று.

நூல் உரித்துக்காட்டும் இரண்டாவது சொற்றொடர் ‘அனுமதிக்கத்தக்க அளவு’. இதைக் கேட்கும் எளிய மனிதர், இந்த அளவுக்குள் இருந்தால் தீங்கே இல்லை என்று பொருள் கொள்கிறார். சகோதரியோ, எவ்வளவு பயனுக்காக எவ்வளவு தீங்கைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று சிலர் கூடி முடிவு செய்த கோடு அது என்று விளக்குகிறார். பயன் ஒருவருக்கும் தீங்கு வேறொருவருக்கும் போகும்போது கோட்டைக் கிழிக்கும் அவையில் அந்த வேறொருவர் அமர்ந்திருந்தாரா என்று கேட்கிறது நூல். நம் கருத்தில் நூலின் இதயம் இதுவே. அறவியல் வகுப்பில் நாம் கற்ற பல பக்கங்களைவிட இக்கேள்வி கூர்மையானது.

இந்த நூலை உரைத்துப் பார்க்க ஓர் ஊர் வேண்டும். மலேசியாவில் பேரா மாநிலத்தின் ஈப்போ நகருக்கு அருகே உள்ள புக்கிட் மேரா அத்தகைய ஊர். நம் டெல்டாவுக்கும் அம்மாநிலத்துக்கும் உறவு புதிதன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிப் பேராவின் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். நாம் குறிப்பிட்ட மூதாட்டியும் அவ்வாறு அங்கே பிறந்து, மணமுடித்து இங்கே வந்தவர்.

பேராவில் வெள்ளீயச் சுரங்கங்கள் மிகுதி. ஈயத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் மணலில் மோனசைட், செனோடைம் என்னும் கனிமங்கள் உண்டு. அவற்றிலிருந்து இட்ரியம் முதலிய அருமண் தனிமங்களைப் பிரிக்க, ‘ஏஷியன் ரேர் எர்த்’ என்னும் நிறுவனம் 1982இல் புக்கிட் மேராவில் ஆலையை இயக்கத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி குழும நிறுவனம் அதன் முதன்மைப் பங்குதாரர்களுள் ஒன்று. தனிமத்தைப் பிரித்தால் தோரியம் கலந்த கழிவு மிஞ்சும். அதை நிரந்தரமாக வைக்க இடம் முடிவாகும் முன்னரே ஆலை ஓடத் தொடங்கிற்று. பாப்பான் என்னும் சிற்றூரில் கிடங்கு அமைக்க முற்பட்டபோது 1984இல் அவ்வூர் மக்கள் எதிர்த்து நின்றனர். ஜப்பானிலிருந்து வந்த பேராசிரியர் சடாவ் இச்சிக்காவா ஆலையருகே அளந்தபோது கதிர்வீச்சு அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது.

சகோதரியின் நூல் வெளிவந்த அதே 1985இல் புக்கிட் மேராவாசிகள் எண்மர் ஈப்போ உயர் நீதிமன்றத்தை நாடினர். பெரும்பாலும் சீனர் வாழும் அவ்வூருக்காக வழக்காடியவர்களுள் மீனாட்சி ராமன் என்னும் தமிழ்ப் பெண் வழக்கறிஞரும் ஒருவர். 1987 அக்டோபரில் மலேசிய அரசு பலரை விசாரணையின்றிச் சிறைப்படுத்தியபோது அவரும் சிறைப்பட்டார். மக்களுக்கு மருத்துவ நோக்கில் துணை நின்றவர் ஜெயபாலன் என்னும் மருத்துவர். பெர்டெல் அம்மையாரும் அம்மக்களின் பக்கம் நின்று கருத்துரைத்த வல்லுநர்களுள் ஒருவர். 1992 ஜூலை 11 அன்று உயர் நீதிமன்றம் மக்கள் சார்பில் தீர்ப்பளித்து, பதினான்கு நாள்களுக்குள் ஆலையை மூட ஆணையிட்டது. 1993 டிசம்பர் 23 அன்று மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நிறுவனத்தின் வல்லுநர்களே நம்பத்தக்கவர் என்றும், மக்கள் உரிமம் வழங்கிய வாரியத்திடமே முறையிட்டிருக்க வேண்டும் என்றும் அது கூறியது. வழக்கில் வென்ற நிறுவனம் 1994 ஜனவரியில் ஆலையை மூடுவதாகத் தானே அறிவித்தது.

பதினோராயிரம் பேர் வாழ்ந்த அப்பகுதியில் ஐந்தாண்டுகளில் எண்மருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. அவர்களுள் எழுவர் இறந்தனர். நோய்களுக்குத் தான் காரணமல்ல என்பதே நிறுவனத்தின் நிலை. ஆனால் துப்புரவுப் பணிக்குப் பத்துக் கோடி டாலர் அளவுக்குச் செலவிட நேர்ந்தது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எஃகுப் பீப்பாய்களில் கழிவை அடைத்து, அருகிலுள்ள மலைக்குள் புதைத்தனர். நாம் இந்த வரலாற்றை மூதாட்டியிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, தம் உறவினர் வழியாக அதையெல்லாம் முன்பே கேட்டறிந்திருந்த அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “ஆபத்து இல்லேன்னா அப்புறம் எதுக்கு சாமி மலைக்குள்ள கொண்டுபோய்ப் பொதைக்கணும்?” நூல் முழுவதும் சொல்லும் செய்தி அந்தக் கேள்விக்குள் அடங்கியிருந்தது.

இனி நூலின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பாராட்டு மட்டும் திறனாய்வாகாது. உலகெங்கும் கதிரியக்கத்தால் பாதிக்கப்பட்டோர் இவ்வளவு பேர் என்று சகோதரி போடும் பெருங்கணக்குகளைக் கதிரியக்க அறிஞர் பலர் ஏற்கவில்லை. வாதத்துக்குத் தேவைப்படாத இடத்திலும் எண்ணைப் பெருக்கிக் காட்டும்போது, உறுதியான பகுதியின் மீதும் ஐயம் படிந்துவிடுகிறது. மேலும் குண்டும் உலையுமே நூலின் பெரும்பகுதியை நிரப்புகின்றன. புக்கிட் மேராவின் ஆலைக்கு ‘அணு’ என்னும் அடைமொழியே கிடையாது. அது மணலைக் காய்ச்சும் தொழிற்சாலை. அத்தகைய இடத்தில்தான் எளியவர் ஏமாறுவர்.

அச்சத்தையே அறிவாகக் கொள்வதும் பிழை. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மணலிலேயே தோரியம் உண்டு. இயற்கைக் கதிர்வீச்சு அங்கே மிகுதி. அங்கு வாழும் ஏறத்தாழ எழுபதாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வு, அக்கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. உண்மையை நேசிப்பவர் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் மணலுக்குள் சிதறிக் கிடக்கும் கனிமம் வேறு. அதைப் பொடித்து, வேதிப்பொருளிட்டு, கதிரியக்கப் பகுதியை மட்டும் ஓரிடத்தில் குவித்து வைப்பது வேறு. அந்த ஆய்வைக் காட்டி இந்தக் குவியலுக்கு நற்சான்று தர இயலாது.

குவியல்கள் பெருகியே வருகின்றன. அதே மலேசியாவில், பகாங் மாநிலத்தின் கெபெங்கில், ஆஸ்திரேலியக் கனிமத்தைப் பிரிக்கும் லைனாஸ் ஆலை 2012இல் இயங்கத் தொடங்கியது. 2018க்குள் தோரியம் கலந்த எச்சம் நான்கரை இலட்சம் டன் அளவுக்குச் சேர்ந்தது. அதைக் ‘கழிவு’ என்னாமல் ‘எச்சம்’ என்றே நிறுவனம் குறிப்பிடுகிறது. சொல்லை மாற்றினால் பொருளின் குணம் மாறுமோ? தோரியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். புக்கிட் மேரா ஆலை ஓடியது பன்னிரண்டு ஆண்டுகள்; அதிலும் இடையே நீதிமன்றத் தடையால் நின்ற காலம் உண்டு. பன்னிரண்டு ஆண்டு இலாபத்துக்கு 1,400 கோடி ஆண்டுக் காவலா? இந்தக் கணக்கில் ‘உடனடி’ என்னும் சொல்லுக்கு எவ்வளவு இடம் உண்டு?

நம் மாநிலத்துக்கும் இது அயல் செய்தியன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் மோனசைட் மணல் கண்டறியப்பட்டது 1909இல். மைய அரசின் நிறுவனம் அங்கே நெடுங்காலமாகக் கனிமம் பிரித்து வருகிறது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் புதிதாகக் கனிம மணல் எடுக்கும் திட்டத்தை 2024இல் கடற்கரை மக்கள் எதிர்த்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நம் விசுவாசத்தில் உடன்பிறந்த மீனவர். வயல்வெளியில் வாழும் நாம் அவர்களுடைய எதிர்ப்பைக் கடற்கரைக்காரரின் வழக்கமான ஆரவாரம் என்று தள்ளியிருப்போமாயின், 1984இல் பாப்பான் மக்களைத் தள்ளியவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.

இந்தக் கழிவில் நமக்கும் பங்குண்டு என்பதை நூல் வற்புறுத்தவில்லை. நாம் வற்புறுத்த வேண்டும். 1980களில் மலேசியாவிலிருந்து வந்தவர் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டு இறங்கினால் தெருவே கூடிப் பார்க்கும். அத்திரையின் செந்நிறத்துக்கு இட்ரியம் தேவைப்பட்டது. இன்று நம் கைப்பேசியிலும் மின்வண்டியிலும் காற்றாலையிலும் அருமண் தனிமங்கள் உள்ளன. ஒளி நம் கூடத்தில் விழுந்தது. சாம்பல் வேறொருவர் வாசலில் விழுந்தது. ஆகவே ஆலைகளையெல்லாம் சபித்துவிட்டுக் கைகழுவிக்கொள்ளும் உரிமை நமக்கில்லை. பிலாத்துவின் தண்ணீர் எவரையும் தூய்மையாக்கியதில்லை.

மக்களின் காயத்தை மேலோட்டமாகக் கட்டிவிட்டு, எல்லாம் நலமே என்று கூறித்திரிந்த தலைவர்களை இறைவாக்கினர் எரேமியா கடிந்துகொண்டார். நிலம் ஆண்டவருடையது, நாம் அதில் தங்கிச் செல்லும் விருந்தினர் என்கிறது லேவியர் நூல். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வழங்கிய ‘லவ்தாத்தோ சீ’ சுற்றுமடலில் தலைமுறைகளுக்கு இடையிலான நீதிக்கெனத் தனிப்பகுதியே உண்டு. இவ்வளவும் இருந்தும் நம் மறையுரைகளில் இது எத்தனை முறை ஒலித்தது? இறைவன் பார்த்துக்கொள்வார் என்று நாமும் பலமுறை சொல்லியிருக்கிறோம். விசுவாசத்தோடு சொல்லும்போது அது மன்றாட்டு. சோம்பலோடு சொல்லும்போது அதுவும் ‘உடனடி ஆபத்து இல்லை’ என்பதன் ஆன்மிக மொழிபெயர்ப்பே. இந்தக் குற்றச்சாட்டை முதலில் நமக்கே சாற்றிக்கொள்கிறோம்.

பொதுநிலையினரான அன்பர்கள் இந்நூலிலிருந்து அறிவியல் முழுவதையும் கற்க வேண்டுமென்பதில்லை. அடுத்த முறை எந்த ஆலையைக் குறித்தும், எந்தக் குழாய்க் கசிவைக் குறித்தும் ‘உடனடி ஆபத்து இல்லை’ என்று ஓர் அறிக்கை வந்தால், நான்கு கேள்விகளைப் பணிவோடும் விடாமலும் கேட்கக் கற்றால் போதும். உடனடியாக இல்லையென்றால் எப்போது? பெரியவர்க்கு இல்லையென்றால் குழந்தைக்கு? அளவைக் குறித்தவர் யார், அளந்தவர் யார்? ஆலை மூடிய பின் காவல் இருப்பவர் யார்?

வலங்கைமானில் வெடிக்கிடங்கை ஊருக்கு வெளியே வைக்க வேண்டுமென்று எவரும் வழக்காடத் தேவையில்லை. ஓசை கேட்டவர்க்கு அது புரியும். ஓசையில்லாத ஆபத்துக்கு ஒருவர் குரல் கொடுத்தாக வேண்டும். ஒரு துறவி தம் கணக்கேட்டைக் கொண்டு அக்குரலைக் கொடுத்தார். ஒரு மூதாட்டி ஒரே கேள்வியில் கொடுத்தார். அடுத்த குரல் நம்முடையதாக இருக்கட்டும்.