மினுக்காத அழகு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினைப் புதுப்பித்து நிறுத்தினால் பலரும் பளபளப்பைத்தான் தேடுகிறார்கள். ஷோரூமில் நின்ற நாளில் இருந்தபடியே மீட்பதென்றால், தொழிற்சாலை மெருகேற்றியது மட்டும் மின்ன வேண்டும். மண் அச்சின் சொரசொரப்போடு விட்டது அப்படியே இருக்க வேண்டும். பம்பும் மோட்டாரும் வார்த்து வளர்ந்த கோவைக்கு இதைப் பிரித்தறியும் கண் உண்டு.

இளம் வயதில் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்து மறுபடி பூட்டித் தொழில் கற்றவர் ஜி.டி. நாயுடு. 1920ல் பொள்ளாச்சி - பழனி தடத்தில் பஸ் விட்டார். ரேஸ் கார்களை இங்கேயே கட்டிய கரிவர்தனின் பெயரை செட்டிபாளையம் ரேஸ் டிராக் தாங்கி நிற்கிறது. அந்தக் கைவழக்கத்துக்கு ஏற்ற இன்ஜின், 1962ல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருடையது.

அது நமக்கு அந்நியமும் அல்ல. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் 948 சிசி இன்ஜினும் ஸ்பிட்ஃபயரின் 1,147 சிசி இன்ஜினும் ஒரே குடும்பம். பிஸ்டன் ஓடும் நீளமான ஸ்ட்ரோக் இரண்டிலும் 76 மி.மீ.; சிலிண்டர் விட்டமான போர் மட்டும் 63லிருந்து 69.3 ஆகப் பெருத்தது. முன்பக்கம் முழுவதும் பானட்டாகத் தூக்கிக்கொள்வதால் இன்ஜின் மூன்று பக்கமும் தெரியும். மறைத்துச் செய்ய வழியில்லை.

ஆனாலும் என் மனம் லயிப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். சிலிண்டரைக் கடையும் ரீபோர் முடிந்து, தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் கல் ஏறி இறங்கிய சிலிண்டருக்குள் டார்ச் அடித்தால், சுவர் முழுக்க மெல்லிய கோடுகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான்; புது பிஸ்டன் ரிங் படிந்து உட்காருவதும் அவற்றால்தான். கண்ணாடியாக வழவழத்த சுவரில் ரிங் படியாது, வண்டி ஆயில் குடிக்கும். நல்ல மெஷினிஸ்ட் அளவாகச் சொரசொரப்பை விட்டுவைப்பார்.

அடுத்து, இரட்டை எஸ்.யூ. கார்ப்பரேட்டர். உள்ளிருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால், எங்கும் சிக்காமல் இறங்கி ‘டக்’கென்று உட்கார வேண்டும். சத்தம் தெளிவாகக் கேட்டால் உள்ளே எதுவும் உரசவில்லை. மேல்மூடியை எவ்வளவு மெருகேற்றினாலும் அந்த ஓசை வராது.

மற்ற கலைகளில் கலைஞனின் கை தெரிவது பெருமை. இங்கே புதுப்பித்தவர் கை மறைந்து, அன்று வார்த்தவர் கை தெரிய வேண்டும். இந்த அடக்கம்தான் இதைக் கலையாக்குகிறது. இனி இப்படியொரு இன்ஜினைப் பார்த்தால், குரோமை விட்டுவிட்டு பிளாக்கின் பக்கவாட்டில் புடைத்திருக்கும் வார்ப்பு எண்களைப் பாருங்கள். பெயிண்டில் அமுங்காமல், தேய்த்ததில் மழுங்காமல் விளிம்பு கூராக நின்றால், செய்தவர் விஷயம் தெரிந்தவர்.