ஆறு பேரும் ஒரு பிடி அரிசியும்

பரிசு, சான்றிதழ், மேடையில் போட்டோ எல்லாம் அப்புறம். போட்டிக்கு டீம் சேர்க்கிற அந்த ஒரு வாரம் இருக்கிறதே, அதற்கு ஈடான கொண்டாட்டம் எது என்று கேட்டால், சிவகாசிக்காரனான நான் தீபாவளியையே இரண்டாவது இடத்துக்குத் தள்ளிவிடுவேன்!

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் வாத்தியார் வேலை எனக்கு. ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் அறிவிப்பு வந்துவிட்டால் வீட்டில் என்னைப் பிடிக்க முடியாது. 2017-இல் மத்திய அரசு தொடங்கிய போட்டி. அரசுத் துறைகள் தங்கள் தலைவலிகளைப் பட்டியலாகக் கொடுக்கும். சொந்த யோசனையோடு வருகிறவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. இறுதிச் சுற்றில் மென்பொருள் அணிகள் 36 மணி நேரம் விடாமல் உட்கார்ந்து செயலியை முடிக்க வேண்டும். அணிக்கு ஆறு பேர், எல்லாரும் ஒரே கல்லூரி, ஒருவராவது மாணவியாக இருக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் கல்லூரிக்குள்ளேயே ஒரு சுற்று நடக்கும்.

ஆரம்பத்தில் நானும் எல்லாரையும் போல நோட்டீஸ் ஒட்டிவிட்டுச் சும்மா இருந்தேன். ஐந்தே நிமிஷத்தில் ரேங்க் வாங்குகிற ஆறு பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப். அடுத்து ஒரே ஹாஸ்டல் ரூம்காரர்கள் ஒரு குரூப். கடைசியில் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பார்கள்: "சார், ரூலுக்கு ஒரு பொண்ணு மட்டும் வேணும் சார்." அவர்கள் கொண்டுவரும் செயலிகளோ அட்டெண்டன்ஸ், கேன்டீன் டோக்கன், மறுபடியும் அட்டெண்டன்ஸ். காலேஜ் காம்பவுண்டைத் தாண்டி ஒரு யோசனை வெளியே எட்டிப் பார்த்ததில்லை.

பிறகுதான் ஒரு வேலை செய்தேன். எல்லாத் துறைப் பிள்ளைகளையும் ஒரு ஹாலில் கூட்டி, ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். "உங்க தெருவில் தினம் யாராவது புலம்புற ஒரு விஷயத்தை எழுதுங்க. பெயர் வேண்டாம்." சீட்டுகளைச் சுவரில் ஒட்டியதும், எந்தச் சீட்டு மனசைத் தொடுகிறதோ அதன் கீழே போய் நிற்கச் சொன்னேன். அடடா! பேசியே பழகாத பிள்ளைகள் ஒரே சீட்டின் கீழே திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்ற அழகைப் பார்த்திருக்க வேண்டும்!

'பட்டாசு ஆலை விபத்து' என்ற சீட்டின் கீழே ஆறு பேர். கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன்கள் இரண்டு பேர், மெக்கானிக்கல் ஒருவன், எலெக்ட்ரிக்கல் ஒருவன், சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் வீட்டிலிருந்து ஒருவன், ஓரமாக ஒரு சிவில் பொண்ணு. பையன்களுக்கு அன்றே திட்டம் தயார். அறைக்குள் சூடு ஏறினால் தொழிலாளர்களின் செல்போனில் அலாரம் அடிக்கும். போர்டில் படமெல்லாம் போட்டு முடித்தபோது அந்தப் பொண்ணு மெதுவாகக் கேட்டாள்: "செல்போனைத்தான் கேட்டுலயே வாங்கி வச்சிருவாங்களே. அப்புறம் யாருக்கு அலாரம் அடிக்கும்?"

ஹாலே கப்சிப்! தீப்பொறிக்கு வழி வைக்கும் எதையும் பட்டாசு ஆலைக்குள் விடமாட்டார்கள். செல்போனும் அதில் சேர்த்திதான். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று விதியே இருக்கிறது. அவளுடைய அம்மா சரவெடி பின்னும் வேலைக்குப் போகிறவர். இதெல்லாம் அவளுக்குச் சோறு போலப் பழக்கம். ரூலுக்காகத் தேடப்படும் அந்த 'ஒரு பொண்ணு' இல்லையென்றால் ஐந்து பேரும் 36 மணி நேரம் உழைத்து, கேட்டில் நின்றுபோகும் செயலியைச் செய்திருப்பார்கள். நான் கைதட்டியே விட்டேன்!

அடுத்த நாள் சாயங்காலம் ஆறு பேரும் அவள் வீட்டுத் திண்ணையில். நானும் ஒட்டிக்கொண்டு போனேன், சாத்தூர் சேவுப் பொட்டலத்தோடு. அம்மாவின் கவலை வேறாக இருந்தது. கூலி எண்ணிக்கைக் கணக்கு. எத்தனை பின்னினோமோ அத்தனைக்குக் காசு. "வாரக் கடைசியில நம்ம கணக்கும் அவுக கணக்கும் ஒத்து வராதுய்யா. சிட்டையில எழுதி வைக்கலாம்னா, ராத்திரி வந்து சோறாக்கவே நேரம் சரியாப் போயிருது. வாயால சொன்னா அது எழுதிக்கிருமா?" எழுதிக்கொள்ளும் தாயே! செயலி அந்த நிமிஷமே பிறந்துவிட்டது. வீடு திரும்பியதும் அன்றைய எண்ணிக்கையைத் தமிழில் சொன்னால் போதும், பதிவாகிவிடும்.

அதன் பிறகு ஒவ்வொருத்தனும் காட்டிய வித்தையை என்னவென்று சொல்வேன்! அச்சக வீட்டுப் பையன் திரையைத் தினசரி காலண்டர் தாள் மாதிரியே வரைந்தான். பெரிய சிவப்புத் தேதி, கீழே அன்றைய எண்ணிக்கை, நேற்றைய கணக்கைப் பார்க்கத் தாளைக் கிழிப்பது போல ஒரு இழுப்பு. காலண்டர் அச்சடிக்கிற ஊரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாத திரை! கைரேகைப் பூட்டு வைத்துப் பெருமையாக நீட்டினான் எலெக்ட்ரிக்கல் பையன். சரம் பின்னித் தேய்ந்த விரலை அம்மா மூன்று முறை வைத்தும் திறக்கவில்லை. "ரேஷன் கடை மிஷினே சில நாளு என்னைய ஏத்துக்கிறதில்ல தம்பி" என்று சிரித்தார். அன்றைக்கே பூட்டைக் கழற்றி எறிந்தான். கோடிங்கே தெரியாத மெக்கானிக்கல் பையனுக்கு எம்ஐடியின் ஆப் இன்வென்டரைக் காட்டினேன். கட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தினாலே செயலி எழும்பும். இரண்டே நாளில் முதல் மாதிரியைக் கையில் கொடுத்தான்!

இவர்களைப் பார்க்கப் பார்க்க எங்கள் பக்கத்துப் பழைய கதை ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. விருதுநகரில் சத்திரிய வித்தியா சாலை என்ற பள்ளி 1889-இல் எழுந்தது எப்படி? வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்தார்கள். அந்தப் பிடி அரிசியில் நடந்த பள்ளியில்தான் காமராசரும் படித்தார். ஒரு பிடியில் பள்ளிக்கூடம் நடக்காது. ஊர் அரிசி சேர்ந்தால் நடக்கும். டீம் என்பதும் அதுதான். ஒருவன் கோடிங்கைக் கொண்டுவருகிறான், ஒருவன் அச்சகத்துக் கண்ணைக் கொண்டுவருகிறான், ஒருத்தி அம்மாவின் சிட்டையைக் கொண்டுவருகிறாள். ஆறு பேரும் ஒரே ரகத்தைக் கொண்டுவந்தால் மூட்டை நிறையும், சமையல் ஆகாது.

கல்லூரிச் சுற்றில் ஜெயித்தார்கள். தேசிய அளவில் தேர்வாகவில்லை. முடிவு வந்த அன்று விருதுநகரில் ஆறு பேருக்கும் எண்ணெய் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். சால்னாவைத் தொட்டுக்கொண்டே அடுத்த வருஷச் சீட்டுக்கு என்ன எழுதுவது என்று சண்டை போட்டார்கள். எனக்கு அதுவே கோப்பை!

ஆசிரியர்களே, பிள்ளைகளே, உங்கள் கல்லூரியிலும் அறிவிப்பு வரும். என்ன லாங்குவேஜ் தெரியும் என்ற கேள்வியை இரண்டாவதாகக் கேளுங்கள்; அதை ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சாயங்காலம் உன் வீட்டுத் திண்ணையில் என்ன பேசுவார்கள் என்று முதலில் கேளுங்கள். கடைசி பெஞ்சில் ஒரு கை மெல்ல உயரும். உங்கள் டீம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.