ஊர் அறிந்த பறவையும் ஊர் அறியாத காரணமும்

வேடந்தாங்கல் பறவைகளுக்கு முதல் காவலர்கள் ஊரார்தான். ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கிறது என்பதை அங்குள்ள உழவர்கள் தம் வயலிலேயே கண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டு, ஏரியில் யாரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். 1858இல் அந்த உரிமையைப் புதுப்பித்துக்கொண்டார்கள். அரசு அதைச் சரணாலயமாக ஏற்றது 1936இல்.

இந்த ஒரு சான்றை வைத்துக்கொண்டு, நம் முன்னோர் அறியாதது எதுவும் இல்லை என்று மேடையில் முழங்குவது எளிது. கூகை அலறினால் வீட்டில் சாவு என்று கல்லெடுக்கும் கையைக் காட்டி, கிராமத்தான் அறிவெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும் அவ்வளவே எளிது. இரண்டு பேச்சும் ஒரே தவறைச் செய்கின்றன. ஊரார் கண்டதையும், கண்டதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தையும் பிரிக்காமல் ஒன்றாகக் கட்டி எடைபோடுகின்றன. பிரித்துப் பார்த்தால் பலமும் பழுதும் தனித்தனியாகத் தெரியும்.

முதலில் பலம். இந்த அறிவு உழைப்போடு ஒட்டி வளர்ந்தது. மாடு மேய்ப்பவருக்குக் கரிச்சானையும் உண்ணிக்கொக்கையும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மாட்டின் குளம்படியில் கிளம்பும் பூச்சிக்காக அவை நாள் முழுதும் அவர் கூடவே வருகின்றன. கரிச்சான் உட்காரட்டும் என்று வயலில் குச்சி நடும் வழக்கத்தை வேளாண்மைத் துறை இன்று ‘பறவை தாங்கி’ என்ற பெயரில் பரிந்துரைக்கிறது. காவிரிப் படுகையில் பனைமட்டைகளை வயலில் நட்டுவைப்பார்கள். இரவில் ஆந்தை அதில் அமர்ந்து எலி பிடிக்கும். கதிர் முற்றும்போது குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லையேல் தானியம் தின்னும் குருவிகளும் அதில்தான் வந்து உட்காரும். எந்தப் பறவை எந்தப் பருவத்தில் நட்பு, எப்போது பகை என்ற இந்த நுணுக்கம் வயலில் நின்றவருக்கே வாய்க்கும்.

வேட்டையாடியவர்களின் அறிவு இன்னும் கூர்மையானது. அதற்கு நம் பக்கத்து மாநிலத்தில் ஓர் அரிய சான்று உண்டு. ஜெர்டான் என்ற ஆங்கில மருத்துவர் 1848இல் பதிவுசெய்த ஒரு பறவை, 1900க்குப் பிறகு எந்த ஆய்வாளர் கண்ணிலும் படவில்லை. அற்றுப்போனதாகவே பலரும் எண்ணினார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அதன் படத்தை ஆந்திராவின் கடப்பைப் பகுதி ஊர்களில் காட்டி விசாரித்தபோது, கண்ணி வைத்துப் பறவை பிடிப்பவர்கள் அதை அடையாளம் சொன்னார்கள். தெலுங்கில் அதற்குக் ‘கலிவிக்கோடி’ என்ற பெயரும் இருந்தது. இரவில் நடமாடும் அந்தப் பறவை 1986 ஜனவரியில் மீண்டும் கிடைத்தது. 86 ஆண்டுகள் அறிவியல் தேடித் தவித்ததை, இரவில் கைவிளக்கோடு புதர்க்காட்டில் அலைந்தவர்கள் அறிந்தே இருந்தார்கள்.

அந்த அறிவு இன்று ஒளிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. பறவைகளுக்கு அது தேவையான சட்டம்தான். ஆனால் கௌதாரியின் குரலைக் கேட்டே அது இருக்கும் புதரைச் சொல்லும் நரிக்குறவர்கள் தமக்குத் தெரிந்ததை வெளியே சொன்னால் வழக்கு வருமோ என்று அஞ்சுகிறார்கள். சட்டம் வேட்டையை நிறுத்தப் பார்த்தது. கூடவே சாட்சியின் வாயையும் அடைத்துவிட்டது.

இனிப் பழுது. முதலாவது, இந்த அறிவு லாப நட்டத்தின் எல்லையைத் தாண்டுவதில்லை. கறிக்கு உதவும் காடை, பயிரைத் தின்னும் மயில், கோழிக்குஞ்சைத் தூக்கும் பருந்து எல்லாம் ஊருக்கு நன்றாகத் தெரியும். குளிர்காலத்தில் வடக்கே இமயத்துக்கு அப்பாலிருந்தும் வந்து புளியமரத்தில் பூச்சி தேடும் இலைக்கதிர்க்குருவியை நம் ஊர்களில் யாரும் கவனிப்பதில்லை. அது எதையும் தருவதுமில்லை, கெடுப்பதுமில்லை. சேற்றோரம் ஓடும் பத்துப் பதினைந்து வகைப் பறவைகள் ஒட்டுமொத்தமாக ‘உள்ளான்’. கொண்டலாத்தியின் நீண்ட அலகைப் பார்த்து மரங்கொத்தி என்பவர்கள் இன்னும் பலர். பாதுகாப்பிலும் ஓரவஞ்சனை தெரிகிறது. கூந்தன்குளத்தில் வீட்டுவாசல் மரத்தில் கூடு கட்டும் நாரை ஊருக்கு நல்ல சகுனம்; சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. போற்றத்தக்க வழக்கங்கள் இவை. ஆனால் வயல் எலியைத் தின்று உழவனைக் காக்கும் கூகைக்குப் பெரும்பாலும் இந்தச் சலுகை கிடைப்பதில்லை.

இரண்டாவது பழுது காரணம் சொல்வதில். செம்போத்தின் கூட்டில் சஞ்சீவி வேர் இருக்கும், அதை ஆற்றில் விட்டால் நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் என்ற கதையை நம்பிக் கூட்டைக் கலைத்தவர்கள் உண்டு. அதன் கறி இருமலுக்கு மருந்து என்ற நம்பிக்கையால் அடிபட்ட செம்போத்துகளும் உண்டு. பழைய கதைகள் மட்டுமல்ல, புதியவையும் உருவாகின்றன. செல்போன் கோபுரம் சிட்டுக்குருவியை அழித்துவிட்டது என்பது இன்று ஊர்தோறும் சொல்லப்படும் செய்தி. திரைப்படமும் அதற்கு வலுச்சேர்த்தது. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையோ, நாடு தழுவிய அளவில் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்கிறது. கோபுரத்தின் மீதான குற்றச்சாட்டுக்கு வலுவான ஆதாரமும் இல்லை.

கண்டதும் காரணமும் பிரியும் இடத்தைப் பிணந்தின்னிக் கழுகின் கதை தெளிவாகக் காட்டுகிறது. செத்த மாட்டைப் போட்டால் கழுகு இறங்குவதில்லை என்பதை மாடு வளர்த்தவர்கள் கண்ணாலேயே கண்டார்கள். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு வந்துகொண்டிருந்த மஞ்சள்முகப் பாறுகளும் 1990களில் வராமல் நின்றன. அது ஊரறிந்த செய்தியானது. காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போடப்பட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் உடலில் தங்கி, தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்பது 2004இல் வெளியான ஆய்வில்தான் தெரிந்தது. 2006இல் இந்தியா அந்தக் கால்நடை மருந்தைத் தடைசெய்தது. மாட்டுக்கு ஊசி போடச் சொன்னவரும் கழுகைக் காணோமே என்றவரும் ஒரே ஆள். இரண்டையும் முடிச்சுப்போட ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது.

மூன்றாவது பழுது நினைவு சார்ந்தது. சட்டென்று மறைவதும் திடீரென்று பெருகுவதும் ஊர்க்கண்ணில் படும். கொங்கு நாட்டு உழவர்கள் மயில் பெருகிவிட்டது என்று நெடுங்காலமாகப் புலம்பினார்கள். இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2023ஆம் ஆண்டின் அறிக்கை மயில் வெகுவாகப் பெருகியிருப்பதை உறுதிசெய்தது. அதே அறிக்கை பனங்காடை 30 சதவீதத்துக்கு மேல் குறைந்திருப்பதாகவும் சொல்கிறது. மின்கம்பியில் இன்றும் ஒன்றிரண்டு உட்கார்ந்திருப்பதால் அந்த மெல்லிய சரிவை ஊர் உணரவில்லை.

அறிவியல் தரப்பும் குறையற்றதல்ல. அந்த அறிக்கைக்கான தரவு ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்களிடமிருந்து வந்தது. அவர்களில் பெரும்பாலோர் நகரவாசிகள். விடுமுறை நாளில் சாலை போகும் இடத்துக்குப் போகிறவர்கள். தரிசு நிலத்தில் தினமும் நண்பகல்வரை நிற்கும் ஆடு மேய்ப்பவரின் கண் அந்தக் கணக்கில் இல்லை. ஊர்ப் பெயர்களைத் தேடித் தொகுத்த க. ரத்னம் போன்றவர்களின் உழைப்பு நமக்கு இருக்கிறது. பெயர்களைப் போலவே ஊரார் கண்ட செய்திகளையும் இடம், மாதம், கண்டவர் பெயரோடு தொகுக்கும் வேலைதான் போதுமான அளவு நடக்கவில்லை.

அதற்கான வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி இறுதியைக் கெடுவாக வைத்து, தவறினால் அபராதம் என்றதும், நாடெங்கும் பதிவேடுகள் அவசர அவசரமாக எழுதப்பட்டன. கெடுவுக்காக நிரப்பிய ஏட்டில் ஊரின் குரல் எவ்வளவு இருக்கும் என்று கேட்பது நியாயமே.

ஊரார் பறவை அறிவைச் சாட்சியாக நம்பலாம். தீர்ப்பாக ஏற்க வேண்டியதில்லை. உழவரும் மேய்ப்பவரும் பனையேறுபவரும் அந்தத் தொழில்களை விட்டு விலகிக்கொண்டிருக்கிறார்கள்; தொழிலோடு சேர்ந்து அந்தக் கண்ணும் போகும். உங்கள் ஊராட்சியின் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, பறவைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வெறும் பெயர்ப்பட்டியல்தான் இருக்கிறதென்றால், ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவரை அடுத்த கிராமசபைக்கு அழைத்துவந்து அவர் கண்டதை எழுதச் சொல்லுங்கள். அவர் சொல்லும் காரணத்தையும் எழுதுங்கள். வேறொரு பத்தியில், சோதித்துப் பார்க்க வேண்டியது என்ற குறிப்போடு.