சொற்பட்டியலும் சொற்றொடரும்: ஃபியூவல் திட்டம் குறித்த ஒரு மதிப்பீடு

மென்பொருளின் மூல நிரலைப் பொதுவில் வைத்து, அதனைத் திருத்தும் உரிமையையும் அனைவருக்கும் வழங்குவது திறந்த மூல மரபு. இம்மரபில் மொழிபெயர்ப்பாளரின் பங்களிப்பு பெரும்பாலும் சொல்லாக்கம் என்ற அளவிலேயே கருதப்பட்டு வந்துள்ளது. இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதைப் புனேயோடு தொடர்புடைய ஒரு முயற்சியைக் கொண்டு ஆராயலாம்.

புனேயில் அலுவலகம் கொண்ட ரெட் ஹாட் நிறுவனத்தின் முன்முயற்சியால் 2008-இல் தொடங்கப்பட்டது ஃபியூவல் திட்டம். மென்பொருள்களில் அடிக்கடி பயிலும் ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து, ஒவ்வொரு மொழியிலும் அவற்றுக்கு நிலையான நிகரன்களை வரையறுப்பது இதன் நோக்கம். இந்தியில் தொடங்கிய இப்பணி பின்னர்த் தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளுக்கும் விரிந்தது. ஒரே கட்டளை ஒரு மென்பொருளில் 'சேமி' என்றும் பிறிதொன்றில் 'பாதுகா' என்றும் வருமாயின் பயனர் இடர்ப்படுவர். தனியொருவர் முடிவுக்கு விடாமல், மொழிபெயர்ப்பாளர் கூடி ஆய்ந்து சொல்லைத் தேர்வது இத்திட்டத்தின் சிறப்பு.

ஆயினும் பட்டியல் தருவது சொல்லை மட்டுமே. பயனர் திரையில் காண்பது தொடரை. திறந்த மூல மென்பொருள்களில் பெருவழக்கான கெட்டெக்ஸ்ட் முறையில், ஒரு பெயர் பின்னர் வந்து நிரம்பும் வெற்றிடத்துடனேயே தொடர்கள் மொழிபெயர்க்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் இதனால் இடர் மிகுதியாக எழுவதில்லை. தமிழிலோ பெயர் வேற்றுமை உருபு ஏற்கையில் திரிகிறது: படம், படத்தை, வீடு, வீட்டை. வெற்றிடத்தின் பின் உருபைத் தனித்து எழுதினால் 'படம் ஐ நீக்கவா?' என்னும் பிழைத்தொடர் உருவாகிறது. எண் வேறுபாட்டிற்கு இம்முறையில் வாய்ப்பு உண்டு. வேற்றுமைக்கு அத்தகைய அமைப்பு இல்லை.

'படம் என்னும் கோப்பை நீக்கவா?' என அமைப்பின் உருபைப் பொதுப்பெயர் ஏற்றுக்கொள்ளும், சிக்கல் தீரும். ஆனால் வெற்றிடத்தில் வருவது கோப்பா, கோப்புறையா, பயனரா என்பது மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிய வேண்டும். திணையும் இதனையே சார்ந்தது. கோப்பாயின் 'நீக்கப்பட்டது' என்றும் பயனராயின் 'நீக்கப்பட்டார்' என்றும் வினைமுற்று வேறுபடும். ஆங்கில மூலத்தில் இரண்டிற்கும் ஒரே வடிவம். எத்துணைச் செம்மையான சொற்பட்டியலும் இவ்விடத்தில் துணை நிற்காது.

ஃபியூவல் திட்டத்தில் பின்னர் நடைக் கையேடு, மொழிபெயர்ப்புத் தர மதிப்பீடு ஆகியனவும் இடம்பெற்றமை வரவேற்கத்தக்கது. எனினும் மொழிபெயர்ப்பை மதிப்பிடுவதால் மூலத்திலுள்ள குறை நீங்காது. வெற்றிடத்தில் வருவது யாது என்பதை நிரலாளர் மூலத்திலேயே குறிப்பாக எழுதலாம். கோப்புக்கும் பயனருக்கும் தனித்தனித் தொடர்களை அமைக்கலாம். கெட்டெக்ஸ்ட் இவ்விரண்டுக்கும் இடமளிக்கிறது. மொழியின் தேவையை நிரலாளர் தாமாக அறியார். அதனைப் பிழையறிக்கையாக எழுதி அனுப்ப வேண்டியவர் மொழிபெயர்ப்பாளரே.

மூலத்தைத் திருத்தும் உரிமை இருந்தும் மொழிபெயர்ப்புக் கோப்போடு நின்றுவிடுவது அவ்வுரிமையைப் பாதியளவே பயன்படுத்துவதாகும். சொல்லுக்கு நிகரன் காண்பதோடு, தமிழ்த் தொடருக்கு இடம் தரும்வகையில் மூலத்தை மாற்றச் செய்வதும் மொழியியலாளரின் பங்களிப்பாகக் கருதப்பெறுதல் வேண்டும்.