ஓர் இலை, ஒரு பூ

நியூசிலாந்தின் ஈரக் காடுகளில், பாசிக்கு நடுவே பூக்கும் சின்ன ஆர்க்கிட் கோரிபாஸ். ஒரு செடிக்கு ஒரே இலை, ஒரே பூ. இதழ்கள் சிலந்திக் கால்போல நீண்டிருக்கும். மண்டியிட்டால்தான் சரியாகப் பார்க்க முடியும். பூ காயானதும் குட்டைக் காம்பு நெடுநெடுவென வளர்ந்து, விதையைக் காற்றுக்கு ஏந்திக் கொடுக்கும். என்ன சாமர்த்தியம்!

ஆய்வுக்காகச் சேகரித்து, வழக்கம்போல அழுத்தி உலர்த்தினால் இந்தப் பூவின் உருவமே குலைந்துவிடும். ஆல்கஹாலில் இட்டுத்தான் வடிவத்தைக் காக்க வேண்டும். வெலிங்டனில் உள்ள தே பாபா அருங்காட்சியகத்தின் தாவரவியலாளர் கார்லோஸ் லேனபாக்கும் உடன் ஆய்வாளர்களும் உருவத்தோடு மரபணுவையும் ஒப்பிட்டு, 2016இல் ஐந்து புதிய கோரிபாஸ் சிற்றினங்களை விவரித்தார்கள். ஐந்தும் நியூசிலாந்துக்கு மட்டுமே உரியவை. அருங்காட்சியக வேலையில் புதிய சிற்றினத்தை இனங்கண்டு விவரிப்பதைவிட உயர்ந்தது எதுவும் இல்லை என்பேன்.