லகானில் எவ்வளவு கனம் வேண்டும்?

டிரஸ்ஸாஜ் சவாரியில் குதிரையின் வாயும் மனிதனின் கையும் இரண்டு லகான் வார்களால் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. வார் தொய்ந்து தொங்கக் கூடாது, கடிவாளத்தைப் பிடித்து இழுப்பதாகவும் இருக்கக் கூடாது. இடைவிடாத, மென்மையான தொடர்பு வேண்டும் என்கிறது ஜெர்மானிய மரபு. அந்நாட்டுக் குதிரைப்படை 1912இல் வெளியிட்ட சவாரிக் கையேட்டின் வழிவந்த மரபு இது. இன்றைய உலகப் போட்டிகளின் மதிப்பெண்களும் பெரும்பாலும் இதைச் சார்ந்தவையே. இந்தப் போதனையின் அடிப்படை சரி என்றே நான் கருதுகிறேன். ஆனால் மிக முக்கியமான ஓரிடத்தில் அது அளவுகோல் தராமல் விட்டுவிட்டது; அந்த இடைவெளியில்தான் வன்முறை நுழைந்தது.

முதலில் அதன் பலம். பயிற்சியின் ஆறு படிகளில் லகான் தொடர்பு மூன்றாவது. சீரான நடைத்தாளமும் உடல் தளர்வும் அதற்கு முன்னால் வர வேண்டும். பின்னங்கால்களில் பிறக்கும் உந்துதல் முதுகு வழியாகக் கழுத்துக்கு வந்து, குதிரை தானாகவே வாயை நீட்டிக் கடிவாளத்தைத் தேட வேண்டும். கையின் வேலை அதை ஏற்றுக்கொள்வது மட்டுமே. புதிதாகச் சவாரி பழகுபவர் குதிரையின் வளைந்த கழுத்தைப் பார்த்து அந்த வடிவத்தைக் கையால் உண்டாக்கப் பார்க்கிறார். முன்னால் இழுத்துச் சுருட்டிய தலை, பின்னால் உழைக்காத கால்களை மறைத்துவிடும். வரிசையை மாற்றாதே என்ற ஒரே கட்டளையால் இந்த மரபு அந்தத் தவறைத் தடுக்கிறது.

கை ஏற்றுக்கொள்வது என்பது எளிதல்ல. சாதாரண நடையிலும் கேன்டர் என்ற மிதப் பாய்ச்சலிலும் குதிரையின் தலை ஒவ்வோர் அடிக்கும் முன்பின் அசையும். முழங்கை திறந்து மூடி அதைப் பின்தொடர வேண்டும். டிராட் என்ற துள்ளுநடையில் தலை ஏறக்குறைய நிலையாக இருக்கும். அப்போது உடம்பு ஏறி இறங்கினாலும் கை அசையக் கூடாது. சேணத்தில் சமநிலை இல்லாதவர் தன்னை அறியாமலே லகானைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். அந்த எடை முழுவதும் போய் இறங்குவது நாக்கின் மேலும், முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே எலும்பை மெல்லிய ஈறு மட்டும் மூடியிருக்கும் இடத்தின் மேலும்தான். வியன்னாவின் ஸ்பானிய சவாரிப் பள்ளியில் புதிய மாணவர்கள் லகானும் அங்கவடியும் இல்லாமல், நீள்கயிற்றில் சுற்றும் குதிரை மேல் மாதக்கணக்கில் உட்காரப் பழகுகிறார்கள். சவாரி கற்பிக்கும் எல்லா இடங்களும் இதில் ஒரு பங்கையாவது செய்ய வேண்டும். முதல் நாளே லகானைக் கொடுப்பது குதிரைக்குச் செய்யும் அநீதி.

இனி குறை. எவ்வளவு கனம்? 'மென்மை', 'நிலையான', 'நெகிழ்வான' என்று சொற்கள் உண்டு, அளவு இல்லை. அழுத்தம் விலகும் கணத்தில்தான் குதிரை கற்கிறது என்று பால் மெக்ரீவி, ஆண்ட்ரூ மெக்லீன் போன்ற ஆய்வாளர்கள் வலியுறுத்துகிறார்கள். கால் முன்னே தள்ள, கை அதே நேரம் தடுக்க, இரண்டுமே விலகாவிட்டால் குதிரை மரத்துப்போகும் அல்லது எதிர்க்கும். காலும் கையும் சேர்ந்து குதிரையைச் சற்றே தடுத்துச் சீராக்கும் ஹாஃப் ஹால்ட் ஒரு கணம்தான், உடனே கை விட்டுக்கொடுக்கும் என்று மரபுவாதிகள் பதில் சொல்வார்கள். நல்ல சவாரியாளரிடம் அது உண்மை. மற்றவர்களிடம் அந்தக் கணம் நீண்டு பிடிவாதமாகிறது. குதிரை வலியால் வாயைத் திறந்தால் மூக்குப்பட்டையை இறுக்குகிறார்கள். முறையீடு வெளியே தெரியாமல் போகிறது, தெரியாத முறையீட்டுக்கு இணக்கம் என்று மதிப்பெண் கிடைக்கிறது.

இதன் உச்சம்தான் ரோல்குர்: தாடை மார்பைத் தொடுமளவு கழுத்தைச் சுருட்டும் முறை. 2009இல் டென்மார்க்கின் ஓடென்சே நகரப் போட்டியில், அப்படிச் சவாரி செய்யப்பட்ட குதிரையின் நாக்கு நீலம்பாய்ந்து தொங்கிய காணொளி உலகை அதிரவைத்தது. அடுத்த ஆண்டு சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, பலவந்தமாக வளைப்பதை ஏற்க முடியாது என்றது. பலவந்தமின்றித் தாழ்வாக வளைத்துப் பயிற்றுவிப்பதை அனுமதித்தது. பலவந்தம் எங்கே தொடங்குகிறது என்பதைத் திடலோரத்தில் நிற்பவரின் கண் எப்படி அளக்கும்? பிடரியே மிக உயர்ந்த புள்ளி, முகம் செங்குத்துக்குச் சற்று முன்னால் என்று விதிநூல் சொல்கிறது. செங்குத்துக்குப் பின்னால் முகம் போன குதிரைகள் இன்றும் பெரிய போட்டிகளில் உயர்ந்த மதிப்பெண் பெறுகின்றன. 2025இல் மூக்குப்பட்டையின் இறுக்கத்தைச் சோதிக்கத் தனிக் கருவி வந்தது நல்ல மாற்றம். லகானுக்கு அப்படி எதுவும் வரவில்லை.

கனமே இல்லாவிட்டால் சரியாகிவிடுமா? 18ஆம் நூற்றாண்டின் லா கெரினியே முதலாக, கையைத் தாழ்த்தி விட்டுக்கொடுக்கும் பிரெஞ்சு மரபு அழகானது. ஆனால் கடிவாளத்துக்குப் பயந்து தலையை உள்ளிழுத்துக்கொண்ட குதிரையின் லகானும் லேசாகத்தான் இருக்கும். முதுகு பள்ளமாகி, பின்னங்கால்கள் பின்னே இழுபடும். அந்த லேசும் ஏமாற்றே.

இரண்டு ஏமாற்றையும் ஒரே சோதனை வெளிப்படுத்தும். சில அடிகளுக்கு இரு கைகளையும் பிடரிமயிரோரம் முன்னே நீட்டிப் பாருங்கள். தாளமும் கழுத்தின் நிலையும் மாறாமல் குதிரை தொடர்ந்தால் அது தன்னைத்தானே சுமக்கிறது. லகானில் சாய்ந்திருந்த குதிரை முன்னே சரிந்து விரையும். அடுத்து லகானை மெல்ல நழுவ விட்டால், உண்மையான தொடர்புள்ள குதிரை கழுத்தை முன்னும் கீழுமாக நீட்டிக் கடிவாளத்தைத் தேடி வரும். பயந்த குதிரை சுருண்டே இருக்கும். கீழ்நிலைத் தேர்வுகள் சிலவற்றில் இவை கேட்கப்படுகின்றன. உச்ச நிலையான கிராண்ட் ப்ரீயில் கேன்டரில் லகானை விட்டுக்கொடுக்கச் சொல்லும் பகுதியே இல்லை. அதை அங்கே சேர்த்து இரட்டை மதிப்பெண் வழங்க வேண்டும். நடுவர்கள் அதுவரை காத்திருக்கட்டும்; குதிரை ஏறுபவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பயிற்சியிலும் பல முறை கையை நீட்டிக் கொடுங்கள், குதிரை என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.